கேன், ஷுட், மஸ்ட், வில் வந்தால் அடுத்த வினைச்சொல்லை எப்படி எழுத வேண்டும்?

'மை பிரதர் வில் கம்ஸ் டுமாரோ' என்று எழுதியதற்கு அலுவலகத்தில் சிரித்தார்கள், இந்தச் சொற்களுக்குப் பிறகு வினைச்சொல் எப்படி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போலப் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் மெயில் போடும் வேலைக்கு வந்தவர் என்று நினைக்கிறேன். சிரித்தார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ஆங்கில ஆசிரியர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் சேர்ந்தேன். ஜூன், ஜூலையில் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். கூழாக்கிப் பையில் அடைத்து, 215 கிலோ இரும்பு டிரம்களில் வெளிநாட்டுக்குப் போகும். முதல் சீசனில் ஒரு கன்டெய்னர் தாமதமாகி, வாங்குபவருக்கு நான் எழுதிய மெயில் இது: 'வி ஷுட் லோடட் இட் யெஸ்டர்டே. வி கேன் ஏபிள் டு லோட் டுமாரோ.'

மேலாளர் அதைப் பிரின்ட் எடுத்து, காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தப்பு எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நேற்று என்று வந்தால் இறந்தகாலம் என்றுதானே படித்தோம், லோடட் எப்படித் தப்பாகும்? ஒருவரும் திருத்தம் சொல்லவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டிரம் அடுக்கும் இடத்துக்குப் போய்விட்டேன். அங்கே டிரம் உருட்டுகிற அண்ணன் கன்டெய்னரைப் பார்த்துச் சொன்னார்: "நேத்தே ஏத்தியிருக்கணும் தம்பி."

அன்று ராத்திரி அந்த வார்த்தையிலேயே மனசு நின்றது. ஏற்றியிருக்க வேண்டும். நேற்று நடந்திருக்க வேண்டியதுதான், ஆனால் 'ஏற்றினோம் வேண்டும்' என்று ஒரு குழந்தைகூடச் சொல்லாது. வேண்டும் என்பதை ஒட்டி 'இருக்க' நிற்கிறது. முடிந்துபோன வேலையை அதற்கு முன்னால் 'ஏற்றி' காட்டுகிறது. ஆங்கிலத்தில் 'ஷுட் ஹேவ் லோடட்'. ஷுட்டை ஒட்டி ஹேவ், அதற்கு அப்பால் லோடட். வரிசைதான் தலைகீழ்.

நேரான வாக்கியத்திலும் இதே கதைதான். என்னால் ஏற்ற முடியும், அவளால் ஏற்ற முடியும், அவர்களால் ஏற்ற முடியும். 'ஏற்ற' மாறுவதே இல்லை. பள்ளியில் செயவென் எச்சம் என்று படித்தோமே, அதுதான். ஐ கேன் லோட், ஷீ கேன் லோட், தே கேன் லோட். எஸ், இடி, ஐஎன்ஜி எதுவும் ஒட்டாது. இடையில் டு-வும் வராது. செயப்பாட்டு வினையும் அப்படியே. 'வைக்கப்பட வேண்டும்' என்பது 'மஸ்ட் பீ கெப்ட்'. மஸ்ட்டைத் தொடுவது பீ என்ற மூல வடிவம்தான். என்னுடைய 'கேன் ஏபிள் டு' தப்பானதும் இப்போது புரியும். கேன் என்றாலும் முடியும், ஏபிள் டு என்றாலும் முடியும், ஒரே வாக்கியத்தில் இரண்டு முடியும். 'கேன் லோட்' போதும். அல்லது 'வில் பீ ஏபிள் டு லோட்'.

வில் மட்டும் நம்மைக் குழப்பும். வருவேன், வருவான், வருவாள் என்று தமிழில் எதிர்காலம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்தப் பழக்கத்தில்தான் தம்பி என்றதும் உங்கள் கை கம்ஸ் என்று எழுதியிருக்கும். கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. இடையில் டு வராது என்றேனே, அதற்கு விலக்கு உண்டு. ஆட் (ought), 'வேண்டும்' என்ற பொருளில் வரும் ஹேவ், யூஸ்ட் மூன்றும் டு கேட்கும்: ஆட் டு கோ, ஹேவ் டு கோ, யூஸ்ட் டு கோ. இவற்றைத் தனியாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

தமிழில் யோசித்து ஆங்கிலம் எழுதுவதே தப்பு என்று கீழே யாராவது எழுதுவார்கள். ஆங்கிலத்தைக் கேட்டும் படித்தும் வளர்ந்தவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். வீட்டில் ஆங்கிலம் கேட்காதவன் தெரிந்ததிலிருந்துதானே தெரியாததுக்குப் போக முடியும்? எல்லா இலக்கணமும் இப்படிப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. இந்த இடத்தில் பொருந்துகிறது.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஒரு ஹேவ் விட்டுப்போனதற்கு என்னை நிற்க வைத்த அதே ஆலை வாசலில், எங்கள் அப்பா மாங்காய் டிராக்டரோடு விடிய விடிய நின்றிருக்கிறார். உள்ளே போனதும் காய் சரியில்லை என்று விலையைக் குறைப்பார்கள். திருப்பி எடுத்துப் போனால் அழுகிவிடும், கொடுத்துவிட்டு வருவார். 2025 சீசனில் பெங்களூரா விலை விழுந்தபோது பல தோட்டங்களில் பறிகூலிகூடத் தேறவில்லை. அந்த விலைச்சீட்டில் தப்பு எங்கே என்று எந்தக் கூட்டத்திலும் யாரையும் எழுப்பிக் கேட்டதில்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

சரி, உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். 'மை பிரதர் வில் கம் டுமாரோ.' அதில் ஒரே ஒரு எஸ்தான் அதிகம். மற்றபடி நீங்கள் எழுதியது அத்தனையும் சரி.