அட்டைக்கத்தி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தக்கலையில் என் தாய்மாமா பழைய கத்திச்சண்டைப் படங்களாகத் தேடித் தேடிச் சேர்க்கிறார். பாட்டுப்புத்தகம், விசிடி, நோட்டீஸ் என்று ஒரு பீரோவே நிறைந்துவிட்டது. சந்திரலேகா, நாடோடி மன்னன் என்றால் சரி, பெயரே கேள்விப்படாத அட்டைக்கத்திப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது? மாமாவிடம் கேட்டால் சிரிக்கிறார்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நானும் அந்தக் கூட்டம்தான், அதனால் மாமாவுக்காக நான் சொல்கிறேன்.

1948-ல் வந்த சந்திரலேகாவின் கத்திச்சண்டை எங்கும் போய்விடாது, யூடியூபில் தட்டினால் வந்துவிடும். காசில்லாமல் எடுத்த படத்துக்கு யார் இருக்கிறார்கள்? கறுப்பு வெள்ளைப் பிரதிகள் பலவற்றை அதிலுள்ள வெள்ளிக்காகவே அழித்துவிட்டார்கள். மிஞ்சுவது பாட்டுப்புத்தகம். இளவரசன் குகையில் மாட்டிக்கொண்ட இடத்தில் கதைச்சுருக்கத்தை நிறுத்தி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று போட்டிருப்பார்கள். படமே இல்லாமல் போன பிறகு அந்த வரியைப் படித்தால் மனசு என்னவோ செய்யும்.

ஆனால் என்னை இழுத்தது வேறு, கால். பெரிய படத்தில் கேமரா நாயகனின் முகத்துக்கு ஓடிவிடும். சின்னப் படங்களில், நான் பார்த்தவரை, ஒரே இடத்தில் கேமராவை வைத்துச் சண்டையை நீளமாக எடுத்திருப்பார்கள், அதனால் ஆள் தலையிலிருந்து பாதம்வரை தெரிவான். நம்மூரில் அடிமுறை என்ற சண்டைக்கலையும் சிலம்பமும் படித்தவர்கள் பார்ப்பது கத்தியை அல்ல, சுவட்டை, அதாவது கால் வைக்கும் முறையை. சின்ன வயதில் எனக்கு நாலு சுவடு சொல்லித்தந்த ஆசான் ஒருவர், தெலுங்கிலிருந்து டப் செய்த விட்டலாச்சார்யா மாயாஜாலப் படம் ஒன்றைப் பார்க்கும்போது கதாநாயகன் காந்தா ராவை விட்டுவிட்டு ஓரத்தில் நின்ற வீரன் ஒருவனைக் காட்டினார். "லேய் மக்கா, அவன் படிச்சவனாக்கும். பின்னங்கால பாரு." அரை நிமிடத்தில் செத்து விழுகிற ஆள், டைட்டிலில் பெயர்கூட இருக்காது. கையில் வெள்ளிக்காகிதம் உரிந்து தொங்கும் அட்டைக்கத்தி. ஆனால் அவன் பின்வாங்கியபோது குதிகால் முதலில் எழாமல், பாதம் தரையைத் தடவிக்கொண்டே போனது. அதற்கு எத்தனை வருடப் பயிற்சி வேண்டும் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து எந்த அட்டைக்கத்திப் படம் கிடைத்தாலும் நான் ஓரத்தில் நிற்பவர்களைத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் ஒன்று. நம்மூர் ஈரத்தில் பாட்டுப்புத்தகத்தில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். மாமாவோடு உட்கார்ந்து பின்களைக் கழற்றி, நூலால் தைத்துக் கொடுங்கள். விசிடிகளையும் இந்த மாதமே ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிடுங்கள்.