எல்லாம் வைரஸ் இல்லைங்க: ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி பதில்

எங்கள் குடியிருப்போர் சங்க வாட்சப் குழுவில் போன ஞாயிறு என்னை மாட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம், நான் பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. புதுச்சேரி நெல்லித்தோப்பில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மெஷின் மெதுவானாலும், திரை கறுத்தாலும், எலி வயரைக் கடித்தாலும் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் சொல்லும் முதல் வார்த்தை "வைரஸ்"தான். அன்று வந்த கேள்விகளும் அப்படியே. ஆங்கிலத்தில் தட்டியிருந்ததை எல்லாம் தமிழில் எழுதி, கொஞ்சம் ஒழுங்கு செய்திருக்கிறேன்.

அண்ணே, புது லேப்டாப்போடு வந்த ஆன்டிவைரஸ் சோதனைக் காலம் முடிந்துவிட்டது. தினமும் பணம் கட்டச் சொல்கிறது. கட்டணுமா? (ரெட்டியார்பாளையம்)

வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது. 2009-இல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்று தனியாக டவுன்லோடு செய்து போட்டோமே, அதன் வாரிசு. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஆன்டிவைரஸ் வேலையை அதுவே பார்க்கிறது. வீட்டு உபயோகத்துக்கு அது போதும்.

வெளி ஆன்டிவைரஸ் ஒன்று இருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். காலாவதியானதை அப்படியே விட்டுவைப்பதுதான் சிக்கல். பழையது வேலை செய்கிறதா, புதியது பொறுப்பேற்றதா என்று உங்களுக்கே தெரியாது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அதை நீக்குங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து பச்சை டிக் இருக்கிறதா என்று பாருங்கள். சில ஆன்டிவைரஸ்கள் நீக்கிய பிறகும் வேர் விட்டிருக்கும். அதைப் பிடுங்கும் கருவியை அந்தந்த நிறுவனமே தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது. ஆன்டிவைரஸ் விற்றால் எனக்கும் நாலு காசு கிடைக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பணம் கட்டி ஒன்று, இலவசமாக ஒன்று என்று இரண்டு போட்டிருக்கிறேன். பாதுகாப்பு டபுள் ஆகும் என்றுதான். இப்போது வேர்டு திறக்கவே டீ குடித்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. (முதலியார்பேட்டை)

கடலூர் பஸ்ஸில் போயிருப்பீர்கள். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் போலீஸ் ஏறி, பையில் மது பாட்டில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்க்கலாம். பத்தடி தள்ளி இன்னொரு குழு ஏறி அதே பைகளைத் திறந்து, முதல் குழுவின் ஆட்களையும் சோதித்தால் பஸ் எப்போது போய்ச் சேரும்? ஆன்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலையும் திறக்கும் கணத்திலேயே குறுக்கே நின்று பார்க்கும். இரண்டு இருந்தால் இருவரும் அதே ஃபைலுக்காக இழுபறி செய்வார்கள், ஒன்று இன்னொன்றிடம் உள்ள வைரஸ் அடையாளப் பட்டியலையே வைரஸ் என்று சந்தேகப்படும். பணம் கட்டியதை வைத்துக்கொண்டு இலவசத்தை எடுங்கள்.

அதை எடுத்த பிறகும் மெதுவாகத்தான் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டுகிறது. (அவரே, மாலையில்)

பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருக்கும். விண்டோஸ் 10-க்கு மேல் அதில் ஓட்டுவது மாட்டு வண்டியில் ஈ.சி.ஆர். போவது மாதிரி. சுழலாத, வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க் 256 ஜிபியில் ஒன்று வாங்கி மாற்றுங்கள். இது வைரஸ் இல்லை, வயசு.

தம்பி, திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று நிமிஷத்துக்கு ஒன்று வருகிறது. ஆன்டிவைரஸ் ஸ்கேன் செய்தால் ஒன்றும் இல்லை என்கிறது. எது பொய்? (லாஸ்பேட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியை)

மூலையில் வருவதுதான் பொய், டீச்சர். ஏதோ ஒரு தளத்துக்குப் போனபோது "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும், நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். அது ரோபோ சோதனையே இல்லை. உங்கள் திரையில் அறிவிப்பு அனுப்ப அந்தத் தளம் வாங்கிய அனுமதி. உள்ளே எந்த ஃபைலும் வராததால் ஸ்கேன் ஒன்றையும் கண்டுபிடிக்காது.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். வாயில் நுழையாத பெயர்களை எல்லாம் நீக்கிவிடுங்கள். இதற்கு என் கடைக்கு வர வேண்டாம், வெயில் வேறு அடிக்கிறது.

எனக்கு வந்தது வேறு. திரை முழுக்க நீலம், பீப் சத்தம், "மைக்ரோசாஃப்டைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு நம்பர். மவுஸ் கூட நகரவில்லை. பயந்து கூப்பிட்டுவிட்டேன். (அரியாங்குப்பம்)

அது வெறும் வெப்சைட். திரையை முழுதாக நிரப்பி, மவுஸ் அம்பை மறைத்து, சத்தம் போடும். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைத் திரையில் போன் நம்பர் போடாது. எஸ்கேப் கீயை அழுத்திப் பிடியுங்கள். போகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் கூப்பிட்டுவிட்டதால் முக்கியமான கேள்வி: தூரத்தில் இருந்தபடியே உங்கள் கணினிக்குள் வர எதையாவது இன்ஸ்டால் செய்யச் சொன்னார்களா? செய்திருந்தால் முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், அந்த மென்பொருளை நீக்குங்கள். போனிலோ வேறு கணினியிலோ பேங்க், ஈமெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், இந்த மெஷினில் இருந்து வேண்டாம். பணம் போயிருந்தால் யோசிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். போன பணத்தை அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள், அதனால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரியும்.

தம்பி, பாரிஸில் இருக்கும் மகன் அவனுடைய பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனான். அதன் கீபோர்டு கெட்டதால் நேரு வீதியில் ஒன்று வாங்கிச் செருகினேன். சரியான பாஸ்வேர்டை அடித்தும் தவறு என்கிறது. ஹேக் செய்துவிட்டார்களா? (சொல்தா பென்ஷன், அதாவது பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் ஒரு பெரியவர்)

ஐயா, இது நம்ம ஊருக்கே உரிய கேள்வி. ஹேக் எல்லாம் இல்லை. அந்த லேப்டாப் பிரெஞ்சு விசைப்பலகை அமைப்பில் இருக்கிறது. நீங்கள் செருகியதோ நம்ம ஊர் கீபோர்டு. ஏ என்று அச்சிட்ட கீயை அழுத்தினால் கணினி க்யூ என்று எடுத்துக்கொள்ளும், இசட்டும் டபிள்யூவும் இடம் மாறும், எம் போய் எல் பக்கத்தில் உட்காரும். மேல் வரிசையில் எண் வர வேண்டும் என்றால் ஷிஃப்ட் அழுத்த வேண்டும். பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாக மறைந்து விழுவதால் உங்களுக்குத் தெரியவில்லை. பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்தினால் அடித்தது தெரியும்.

லாகின் திரையின் வலது கீழே மொழியின் சுருக்கப் பெயர் இருக்கும். அதைத் தொட்டு ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஆங்கிலமே பட்டியலில் இல்லை என்றால் நான் சொன்ன மாற்றத்தை மனதில் வைத்து ஒரு முறை உள்ளே போய்விடுங்கள், பிறகு செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் ஆங்கில விசைப்பலகையைச் சேர்க்கலாம். அப்புறம் விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் மாறி மாறி வரும்.

இன்னொன்று. உயிர்ச் சான்று அனுப்பவில்லை, பென்ஷன் நிற்கும், இந்த லிங்க்கை அழுத்து என்று பிரெஞ்சில் மெயில் வந்தால் அழுத்தாதீர்கள். வழக்கமாக நீங்கள் போகும் தளத்தின் முகவரியை நீங்களே அடித்துப் போய்ப் பாருங்கள்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்கிறது. ஆன்டிவைரஸும் அப்டேட் ஆகவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் வைரஸ்தானே? (வைத்திக்குப்பம்)

திரையில் தேதியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

2015 என்று இருக்கிறது!

அதேதான். ஒவ்வொரு தளத்துக்கும் சான்றிதழ் ஒன்று உண்டு, அது இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். உங்கள் கணினி 2015-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டு, எல்லாச் சான்றிதழையும் இன்னும் பிறக்காதவை என்று தள்ளிவிடுகிறது. ஆன்டிவைரஸும் அதே பாதுகாப்பான வழியில்தான் அப்டேட் வாங்க வேண்டும். கணினிக்குள் மதர்போர்டு என்ற முக்கியப் பலகையில் வாட்ச் பேட்டரி போல வட்டமாக 3 வோல்ட் பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032 என்று கேட்டு வாங்குங்கள். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். மாற்றிவிட்டுத் தேதியைச் சரி செய்தால் முடிந்தது.

கடலோரம் இருக்கிறீர்கள், சொல்லிவைக்கிறேன். உப்புக் காற்று அந்தப் பேட்டரி உட்காரும் தகட்டையும் ரேம் என்ற நினைவகப் பட்டையின் தங்க நிறப் பற்களையும் அரித்துவிடும். ஆன் செய்தால் பீப் மட்டும் கேட்டு, திரை வராமல் நின்றால், கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றிப் பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டிப் பாருங்கள். கணினியை ஜன்னலோரம் வைக்காதீர்கள், கடல் தெரிந்தால் அழகுதான், ஆனாலும்.

பிரிண்ட் எடுக்கப் போய் வந்த பிறகு பென்டிரைவில் எல்லா ஃபைலும் ஷார்ட்கட் ஆகிவிட்டது. (காலாப்பட்டு, மாணவி)

இது நிஜ வைரஸ். ஷார்ட்கட்டை அழுத்தாதேம்மா, அழுத்தினால் உன் மெஷினுக்குள் வரும். ஃபைல்கள் அழியவில்லை, மறைத்து வைத்திருக்கிறது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடு, சிஸ்டம் ஃபைல்களை மறை என்ற டிக்கையும் எடு. பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் இருக்கும். டிஃபெண்டரால் பென்டிரைவை ஸ்கேன் செய்து, உன் ஃபைல்களை மட்டும் காப்பி செய்துகொண்டு, பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடு. அடுத்த முறை பி.டி.எஃப்.ஐ மெயிலில் அனுப்பி பிரிண்ட் எடு.

அண்ணா, வீட்டில் இருந்தபடியே கல்யாண ஆல்பம் வேலை செய்கிறேன். நேற்று ராத்திரி முதல் எல்லாப் படத்தின் பெயர் முடிவிலும் நாலு எழுத்து ஒட்டிக்கொண்டது. எதுவும் திறக்கவில்லை. 980 டாலர் கேட்டு ஒரு கடிதம், 72 மணி நேரத்தில் தந்தால் பாதி என்கிறது. (வில்லியனூர்)

தம்பி, இதுதான் ரேன்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். 980-இல் பாதி 490 என்கிற கணக்கைப் பார்த்தால் ஸ்டாப் (STOP) அல்லது டி.ஜே.வி.யு. (Djvu) என்று அழைக்கப்படும் வகை. ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. சமீபத்தில் எடிட்டிங் மென்பொருளைக் காசு கட்டாமல் ஓட்ட கிராக், அதாவது பூட்டுடைத்த திருட்டுப் பிரதி ஏதாவது போட்டாயா?

ஆமாண்ணா. இன்ஸ்டால் பண்ணும்போது ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொன்னது.

அங்கேதான் போனது. இந்த வகை பெரும்பாலும் கிராக் வழியாகத்தான் வரும். கதவை உடைத்து வரவில்லை, நீ திறந்துவிட்டாய். சரி, நடந்தது நடந்தது. பணம் தராதே, தந்தாலும் திறவுகோல் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நெட்டைத் துண்டித்துவிடு. பூட்டிய ஃபைல் எதையும் அழிக்காதே, அந்தக் கடிதத்தையும் வைத்திரு. அதன் கடைசியில் உன் அடையாள எண் இருக்கும். அது t1 என்ற இரண்டு எழுத்தில் முடிந்தால் வைரஸ் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல் பலருக்கும் பொதுவான திறவுகோலால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம், எம்ஸிசாஃப்ட் என்ற நிறுவனத்தின் இலவசக் கருவியால் இன்றோ பின்னாளிலோ திறக்க வாய்ப்பு உண்டு. நோ மோர் ரேன்சம் என்ற தளத்திலும் பார். ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல், டச்சுப் போலீஸ் எல்லாம் சேர்ந்து 2016-இல் தொடங்கியது, திறவுகோல்களை இலவசமாகத் தருகிறார்கள்.

வேறு எழுத்தில் முடிந்தால் படங்களுக்கு இப்போதைக்கு வழியில்லை. ஆனால் வீடியோவை விட்டுவிடாதே. வேகமாகப் பூட்ட வேண்டும் என்பதற்காக இந்த வைரஸ் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டும்தான் கெடுக்கும். பெரிய வீடியோவின் மீதிப் பகுதி அப்படியே இருக்கும், பழுது பார்க்கும் மென்பொருளால் சிலவற்றை மீட்கலாம். கேமராவின் மெமரி கார்டுகளில் புதிதாக எதையும் எடுக்காதே, அழித்த படங்களை அதிலிருந்து மீட்டுப் பார்க்கலாம், நாளைக்குக் கொண்டு வா. இந்த வைரஸ் கூடவே பாஸ்வேர்டு திருடும் நிரலையும் இறக்கும் பழக்கம் உண்டு, அதனால் போனிலிருந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்று. பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடலாம். இனி வேலை முடிந்ததும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடு, எடுத்ததும் கழற்றிவிடு. மாட்டியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதாமே, என் மெஷின் 11-ஐ ஏற்கவில்லை. ஆன்டிவைரஸ் இருந்தால் சமாளிக்கலாமா? (உழவர்கரை)

2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அது வேறு, சுவரில் விழும் ஓட்டையை அடைப்பது வேறு. 2017 மே மாதம் உலகையே ஆட்டிய வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் புகுந்த ஓட்டைக்கு மார்ச்சிலேயே அப்டேட் வந்துவிட்டது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கு நீட்டிப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் இலவசம். அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டுத் தருகிறேன், மெயிலும் யூடியூபும் பார்க்க அது தாராளம்.

பல வருஷமாக வைத்திருக்கும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை வைரஸ் என்று பிடித்துவிட்டது. (லாஸ்பேட்டை டீச்சரே மறுபடி)

தமிழ் அடிக்க அது உங்கள் ஒவ்வொரு கீயையும் இடைமறித்து எழுத்தாக மாற்ற வேண்டும். பாஸ்வேர்டு திருடும் கீலாகரும் அதே வேலையைத்தான் செய்யும். அதனால் சந்தேகம் வரும். ஃபைலை வைரஸ் டோட்டல் தளத்தில் ஏற்றினால் எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். ஒன்றிரண்டு மட்டும் கத்தினால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம், பாதிக்குப் பாதி கத்தினால் அழித்துவிடுங்கள். 2019-க்குப் பிந்தைய விண்டோஸில் தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தமிழ் விசைப்பலகை முறைகளும் உள்ளேயே இருக்கின்றன, டீச்சர். மாறிவிடுங்களேன்.

என் ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (நெல்லித்தோப்பு)

ஐகார் (EICAR) சோதனை ஃபைல் என்று தேடுங்கள். 68 எழுத்து கொண்ட ஒரே வரி. எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் அதைக் கண்டால் கத்த வேண்டும் என்று ஆன்டிவைரஸ்காரர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள். டவுன்லோடு செய்ததும் சிவப்பாக எச்சரிக்கை வந்தால் விழித்திருக்கிறது. வந்ததும் பதறி எனக்குப் போன் செய்யாதீர்கள், ஏற்கெனவே இரண்டு பேர் செய்துவிட்டார்கள்.