ஒரே தொட்டியில் இரண்டு கெக்கோ வேண்டாம்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். படிவம் ஒன்று படிக்கும் மகனுக்கு இரண்டு லெப்பர்ட் கெக்கோ (வீட்டில் வளர்க்கும் ஒரு பல்லி வகை) வாங்கிக் கொடுத்தோம். தனியாக இருந்தால் ஏங்கிவிடும் என்றார் கடைக்காரர். இரண்டுமே பெண் என்றும் சொன்னார். பல மாதங்களாக ஒரே இரண்டடித் தொட்டியில்தான் இருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கும், சண்டை போட்டுப் பார்த்ததில்லை. இப்போது ஒன்றின் வால் மெலிந்துகொண்டே போகிறது, மற்றது கொழுகொழுவென்று இருக்கிறது. நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்தால் போதுமா?

பதில்: போதாது. மெலிந்ததை இன்றைக்கே வேறு பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். புதுத் தொட்டி வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கங்களில் துளை போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி, அடியில் டிஷ்யூ தாள், வாசல் வெட்டிக் கவிழ்த்த இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்கள், தண்ணீர்க் கிண்ணம். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

ஒன்றன்மேல் ஒன்று படுப்பதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தின்றது செரிக்க இந்தப் பிராணிக்கு வயிற்றில் சூடு பட வேண்டும். உங்கள் தொட்டியில் சூடான மூலை ஒன்றுதான் இருக்கும், அதனால் இரண்டும் அங்கேயே போய்ச் சேர்கின்றன. சண்டை உங்கள் கண்ணில் படாததற்கும் காரணம் உண்டு. இவை அந்தி சாய்ந்த பிறகு நடமாடுபவை, அதோடு கடித்துக்கொண்டால்தான் சண்டை என்பதில்லை. ஒன்று வழியை மறித்து நிற்கும், பூச்சியை முந்திப் பிடிக்கும், மறைவிடத்துக்குள் மற்றதை விடாது. மற்றது ஒதுங்கி ஒதுங்கிப் பட்டினி கிடக்கும். வால்தான் அதன் கொழுப்புச் சேமிப்பு. நன்றாக இருக்கும் கெக்கோவின் வால் ஏறக்குறைய கழுத்தளவு தடிமன் இருக்கும்.

நம் வீட்டு டியூப் லைட்டைச் சுற்றி நான்கு பல்லிகள் இருக்கின்றனவே என்று மகன் கேட்கலாம். நல்ல கேள்விதான். அவையும் துரத்திக்கொள்கின்றன, ஆனால் துரத்தப்பட்டது கூரை வரை ஓடித் தப்பிக்கும். லெப்பர்ட் கெக்கோவின் விரல்களில் ஒட்டும் தன்மை இல்லை, கண்ணாடியில் ஏற முடியாது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட பாறை நிலத்தில் அது விலகிப் போய்விடலாம். இரண்டடித் தொட்டியில் எங்கே போகும்? கண்ணாடித் தடுப்பும் இதற்குத் தீர்வாகாது. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும், ஆளுக்கு ஓரடி இடம்தான் மிஞ்சும், அதில் சூடான பக்கம், குளிர்ந்த பக்கம் என்று பிரிக்கவே முடியாது.

இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள் ஒரு ஆணோடு சில பெண்களைச் சேர்த்து வைப்பது உண்மைதான். அவர்களுக்கு முட்டை வேண்டும், பிரித்து வைக்கக் கையில் காலிப் பெட்டிகளும் இருக்கும்.

'இரண்டும் பெண்' என்பதை நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். முட்டை அடைகாக்கும் வெப்பநிலையைப் பொறுத்தே இதில் ஆணா பெண்ணா என்பது அமைகிறது. 26 முதல் 28 டிகிரியில் பெரும்பாலும் பெண் வரும் என்பதால், குஞ்சிலேயே பெண் என்று சொல்லி விற்பார்கள். 'பெரும்பாலும்' என்றால் எல்லாம் அல்ல. வளர்ந்த கெக்கோவை ஒளி ஊடுருவும் டப்பாவில் விட்டுக் கீழிருந்து கைப்பேசியில் படமெடுங்கள். கழிவுத் துவாரத்துக்கு முன்னால், கவிழ்த்த 'வி' வடிவில் வரிசையாகத் துளைகளும், பின்னால் வால் அடியில் இரண்டு புடைப்புகளும் தெளிவாகத் தெரிந்தால் அது ஆண். ஒன்று ஆணாக இருந்தால் மற்றது முட்டையிட்டே மெலிந்திருக்கலாம். விந்தை உடலில் சேமித்து வைக்கும் என்பதால், பிரித்த பிறகும் இரண்டிரண்டாக முட்டையிடக்கூடும். முட்டையிட ஈரப் பாசி நிரப்பிய டப்பா ஒன்று உள்ளே இருக்கட்டும். இரண்டும் ஆண் என்றால் இவ்வளவு நாள் சண்டையில் வால் அறுந்து போகாமல் தப்பியதே அதிர்ஷ்டம்.

நிரந்தர வீட்டுக்கு வருவோம். ஒன்றுக்கு மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம் இருந்தால் நல்லது. இருக்கும் இரண்டடித் தொட்டியில் ஒன்று தற்காலிகமாக இருக்கலாம். தரைக்கு மணல் வேண்டாம், ஹார்ட்வேர் கடையில் மிஞ்சிய டைல் துண்டுகளே போதும், கழுவவும் சுலபம். சூடான பக்கத்துத் தரை 32 முதல் 34 டிகிரி இருக்கட்டும். ஹீட் மேட்டை (தொட்டிக்கு அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பு) தெர்மோஸ்டாட் என்ற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் போடவே போடாதீர்கள். தகரக் கூரை வீட்டில் மதியம் அறையே 34 டிகிரியைத் தொடும், அந்த நேரத்தில் மேட் தானாக அணைந்திருக்க வேண்டும். நம் ஊரில் குளிர்ந்த பக்கத்தைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. தொட்டியை உயர அலமாரியில் வைக்காமல், வெயில் படாத சுவரோரம் தாழ்வாக வையுங்கள். காற்றின் ஈரம் ஏற்கெனவே அதிகம் என்பதால் மூடி கம்பி வலையாக இருக்கட்டும், தண்ணீர் தெளிக்காதீர்கள். தோல் உரிக்க ஈரமான மறைவிடம் ஒன்று தனியாக இருந்தால் போதும்.

செலவை மிச்சப்படுத்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வெட்டுக்கிளி பிடித்துப் போடுவோம் என்று மகன் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். களைக்கொல்லியும் பூச்சி மருந்தும் அடிக்கிற இடம் அது. தாமானில் ஏடிஸ் கொசுவுக்குப் புகை அடித்த பிறகு பிடிக்கும் பூச்சிகளும் வேண்டாம். கடையில் வாங்கும் கிரிக்கெட் பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுங்கள்.

மெலிந்ததைச் சமையல் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். தனியே வைத்து இரண்டு வாரமாகியும் எடை ஏறாவிட்டால், அல்லது இடையிலேயே இரையைத் தொடாமல், கழிச்சலோடு இருந்தால், காரணம் மற்ற கெக்கோவாக மட்டும் இருக்காது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி வாலைக் குச்சியாக்கிவிடும், மலம் வழியாகப் பரவும், குளோரின் கலந்த சாதாரணத் துப்புரவுத் திரவத்துக்குச் சாகாது. ஆகவே எப்போதும் கொழுத்ததை முதலில் கவனித்துவிட்டு மெலிந்ததிடம் போங்கள். இடுக்கி, கிண்ணம் தனித்தனி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பல கிளினிக்குகளில் நாய், பூனை மட்டுமே பார்ப்பார்கள். ஈப்போவுக்குக் காரை எடுக்குமுன் ஊர்வன பார்ப்பார்களா என்று போன் போட்டுக் கேளுங்கள். இரண்டு கெக்கோக்களின் புதிய மலத்தையும் தனித்தனிச் சிறு டப்பாவில், பெயர் எழுதி எடுத்துப் போங்கள். எடை எழுதிய தாளையும் மறக்க வேண்டாம், மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.