கத்தும் கேட், கத்தாத கேட்: கேள்வி-பதில்

இந்த வாரம் கடை வாசலில் நிற்கும் திருட்டுத் தடுப்பு ஆன்டெனா பற்றியே கடிதங்கள். சரக்கில் மாட்டிய டேக்கோ ஒட்டிய லேபிளோ செயலிழக்காமல் வாசலைக் கடந்தால் கத்துமே, அதுதான். சுருக்கிப் போட்டிருக்கிறோம்.

ஜவுளிக்கடையில் 8.2 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா ஒரு ஜோடி போட்டோம். பகலில் ஒழுங்காக இருக்கிறது. மாலை ஆறரைக்கு மேல் யாருமே நடக்காமல் கத்துகிறது. விற்றவர் வந்து சென்சிட்டிவிட்டியை (எவ்வளவு லேசான சிக்னலுக்குக் கத்தும் என்ற அளவை) குறைத்தார். இப்போது டேக்கோடு நடந்தாலும் சத்தமில்லை. (ஈரோடு)

ஆறரைக்கு எந்த சுவிட்சைப் போடுகிறீர்கள்? பெயர்ப் பலகை விளக்குதானே? சந்தேகம் அதன் எல்இடி டிரைவர் மேல்தான், அதாவது விளக்குக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் சின்னப் பெட்டி. மலிவு டிரைவரில் இரைச்சலை வடிகட்டும் பாகத்தையே விட்டுவிடுகிறார்கள். அந்த இரைச்சல் காற்றிலும் வரும், கரண்ட் லைனிலும் வரும். இப்படி ஓர் அடாப்டரை மலிவாக வாங்கி, வீட்டு ரேடியோவை இரைய வைத்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

சென்சிட்டிவிட்டியைக் குறைத்தது, பிள்ளை அழுகிறது என்று காதில் பஞ்சு வைத்துக்கொண்ட கதை. அந்தத் திருகைத் தொடும் முன் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காத டெக்னீஷியனுக்குக் காசு கொடுக்காதீர்கள். அதற்கு அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப் கருவி எல்லாம் வேண்டாம். கடை மூடியதும் ஆன்டெனாவின் எம்சிபியை (மெயின் போர்டில் உள்ள சுவிட்சை) மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, ஆன்டெனாவின் சர்க்யூட் போர்டில் உள்ள சிக்னல் விளக்குகளைப் பாருங்கள். எதைப் போட்டதும் விளக்குகள் ஏறுகின்றனவோ அந்த லைனில்தான் குற்றவாளி. ஒரு பழைய மீடியம் வேவ் ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, அந்த லைனில் உள்ள அடாப்டர், டிரைவர் ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டுபோனால் ‘கொர்ர்’ என்ற சத்தமே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

டிரைவரை மாற்றுங்கள். ஆன்டெனாவுக்கு மெயின் போர்டிலிருந்து நல்ல எர்த்தோடு தனி லைன் இழுங்கள். ஃப்ரிட்ஜும் ஃபேனும் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகாதீர்கள். மிச்ச ஒயரைச் சுருட்டி ஆன்டெனா அடியில் திணித்திருந்தால் எடுங்கள், அந்தச் சுருளே இன்னொரு ஆன்டெனா மாதிரி நடந்துகொள்ளும். இதெல்லாம் முடிந்த பிறகு சென்சிட்டிவிட்டியைப் பழைய அளவுக்கு ஏற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக நடந்து பாருங்கள். கணுக்கால், இடுப்பு, தோள் என மூன்று உயரம். ஒவ்வொன்றிலும் டேக் ஆன்டெனாவைப் பார்த்து ஒரு தடவை, நடக்கும் திசையைப் பார்த்து ஒரு தடவை, தரையைப் பார்த்து ஒரு தடவை. ஆக ஒன்பது நடை. இரண்டு ஆன்டெனாவுக்கும் நட்டநடுவில் நடங்கள், அங்கேதான் பலம் குறைவு.

பழைய ஆன்டெனா ஆறு, ஆன்லைனில் படம் பார்த்து பாதி விலைக்கு வாங்கிவிட்டேன். 8.2 மெகாஹெர்ட்ஸாம். என்னிடம் இருப்பது 58 கிலோஹெர்ட்ஸ் லேபிள். ஒத்துப்போகுமா? (சேலம்)

போகாது, இரண்டும் வேறு வேறு அதிர்வெண், ஒன்றின் லேபிளை மற்றது கேட்காது. கேட்டுவிட்டு வாங்கியிருக்கலாம்.

மாலில் எங்கள் கடையில் 58 கிலோஹெர்ட்ஸ். பக்கத்துக் கடைக்காரரும் அதையே போட்டதும் எங்களுடையது பைத்தியம் பிடித்த மாதிரி கத்துகிறது. புதிது வாங்க வேண்டுமா? (கோவை)

ஒரு பைசா செலவழிக்காதீர்கள். இந்த வகை ஆன்டெனா ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு, லேபிளின் அதிர்வு திரும்பி வருகிறதா என்று காது கொடுக்கும். நீங்கள் கேட்கும் நேரத்தில் பக்கத்துக் கடை அனுப்பினால் அதை லேபிள் என்று நினைத்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் அனுப்பி ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். கரண்ட் அலை பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தை வைத்துத்தான் இவை நேரம் பார்க்கின்றன. இரு கடையின் டெக்னீஷியன்களும் ஒரே நாளில் உட்கார்ந்து, அந்தக் கணத்துக்கும் துடிப்பு அனுப்புவதற்கும் இடையே உள்ள தாமதத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் தொல்லை மற்றவர் தலையில் விழும். கரண்ட் போய் ஒரு கடை மட்டும் ஜெனரேட்டருக்கு மாறினால் இந்த ஒத்திசைவு கலையும், அதையும் சோதித்துவிடுங்கள்.

மருந்துக்கடை. மாத்திரை அட்டை மேலேயே 8.2 லேபிள் ஒட்டுகிறோம். ஒன்றுகூடக் கத்தவில்லை. (திருநெல்வேலி)

அலுமினியத் தாள் மேல் கத்தாது. வெளி அட்டைப்பெட்டியில், உள்ளே தாள் ஒட்டியிராத பக்கமாக ஒட்டுங்கள்.

ரோலிங் ஷட்டர், ஓரத்தில் இரும்பு ரேக். 8.2 ஆன்டெனாவை எங்கே நிறுத்துவது? (மதுரை)

ஷட்டர் சட்டத்திலிருந்தும் ரேக்கிலிருந்தும் குறைந்தது அரை மீட்டராவது தள்ளி. வளையமாக மூடிய இரும்புச் சட்டம், தானே டேக் மாதிரி அலையை வாங்கித் திருப்பும். டேக் போட்ட சரக்கு ஒன்றரை மீட்டருக்குள் தொங்கவே கூடாது. 4 செ.மீ. சதுர ஒட்டு லேபிள் என்றால் இரு ஆன்டெனா இடைவெளி ஒரு மீட்டரைச் சுற்றி இருக்கட்டும். ஹார்டு டேக் (துணியில் குத்தி மாட்டும் கெட்டி பிளாஸ்டிக் டேக்) என்றால் இன்னும் விடலாம். டைல்ஸில் ஓட்டை போடும் முன் அந்த இடத்தில் சும்மா நிறுத்தி ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். தரைக்கு அடியில் கம்பி ஓடினாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

மாமனாருக்கு பேஸ்மேக்கர். இந்த வாசல் வழியாகப் போகலாமா? (தஞ்சாவூர்)

வழக்கமான நடையில் கடந்து போகலாம். இடையில் நிற்கவோ ஆன்டெனாவில் சாயவோ கூடாது. அங்கே நாற்காலி போடும் கடைக்காரர்களும் இதைப் படிக்கட்டும்.

ஒரு கடையில் பில் போட்டு வாங்கிய சட்டை, அடுத்த கடை வாசலில் கத்தியது. எல்லோர் முன்னாலும் காவலாளி என் பையைக் கொட்டினார். (சென்னை)

தப்பு உங்களுடையது இல்லை அம்மா. முதல் கடையின் பில் கவுண்டரில் லேபிளைச் செயலிழக்கச் செய்யவில்லை. நாலைந்தை அடுக்கி ஒரே இழுப்பில் செயலிழக்க வைக்கும் பேட் மேல் தேய்ப்பார்கள், நடுவில் உள்ளது தப்பிவிடும். ஆன்டெனா கத்தினால் லேபிள் இருக்கிறது என்று அர்த்தம், திருட்டு என்று இல்லை. பில்லை வைத்து இரண்டு கடைக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பெட்டிக்கடையை விடக் கொஞ்சம் பெரிய கடை, நானே நடத்துகிறேன். இடத்தைப் பார்க்காமலே ஆன்டெனா விற்றார்கள். முதல் நாளிலிருந்தே வேலை செய்யவில்லை. போனும் எடுப்பதில்லை. வியாபாரிக்கு நுகர்வோர் சட்டம் கிடையாதாமே? (விழுப்புரம்)

அப்படிச் சொல்லித்தான் ஏமாற்றுவார்கள். வணிகத்துக்கு வாங்கினால் பொதுவாக நுகர்வோர் ஆகமாட்டீர்கள் என்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்புக்காக வாங்கியவருக்கு 2019 சட்டத்தில் விலக்கு உண்டு. உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. குறை தெரிந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மேலே சொன்ன ஒன்பது நடையையும் தேதி தெரிய வீடியோ எடுத்து, கொட்டேஷனோடும் பில்லோடும் சேர்த்து வையுங்கள்.