சிறிய எஃப்.பி.வி. ட்ரோனுக்கு எந்த ஏ.ஐ.ஓ. போர்டு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக்குள் பறக்கவிடுவதற்காக 75 மில்லிமீட்டர் ஃப்ரேமில், ஒரு செல் பேட்டரியும் அனலாக் கேமராவும் கொண்ட வூப் வகை எஃப்.பி.வி. ட்ரோன் (கேமரா காட்டும் படத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி ஓட்டும், புரொப்பெல்லர்களைச் சுற்றி வளையம் உள்ள சிறு ட்ரோன்) ஒன்றை நானே பொருத்த விரும்புகிறேன். ஃப்ளைட் கன்ட்ரோலர் (பறத்தலைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி), நான்கு இ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று), ரிசீவர் ஆகிய அனைத்தும் ஒன்றாகவே இருக்கும் ஏ.ஐ.ஓ. போர்டுகளில், எஃப்411 சிப் உள்ள 5 ஆம்பியர் போர்டு மலிவாகவும், ஜி473 சிப் உள்ள 12 ஆம்பியர் போர்டு சற்றுக் கூடுதல் விலையிலும் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்?
– கல்லூரி மாணவர், ஓசூர்

பதில்: இரண்டாவதை வாங்கலாம், ஆனால் 12 ஆம்பியர் என்பதற்காக அன்று. ஒரு செல்லில் ஓடும் இந்த அளவு மோட்டார்கள் முழு த்ராட்டிலிலும் சில ஆம்பியர்களையே இழுக்கும் என்பதால், 5 ஆம்பியர் போர்டே பெரும்பாலும் போதும். சிப்பின் வேகமும் முடிவான காரணம் அன்று. எஃப்411 100 மெகாஹெர்ட்ஸிலும் ஜி473 170 மெகாஹெர்ட்ஸிலும் இயங்கினாலும், நாம் பயன்படுத்தும் வகைகளில் இரண்டிலும் நினைவகம் 512 கிலோபைட்தான். ஃப்ளைட் கன்ட்ரோலரில் ஓடும் மென்பொருளான பீட்டாஃப்ளைட்டின் 4.4 பதிப்பிலிருந்து நமக்குத் தேவையான வசதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஃபர்ம்வேரை உருவாக்கிக்கொள்ளலாம் என்பதால், அந்த 512 கிலோபைட்டுக்குள் ஒரு வூப்புக்கு வேண்டியவை அடங்கிவிடும்.

நீங்கள் முதலில் கேட்டறிய வேண்டியது, ரிசீவர் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை. பல எஃப்411 போர்டுகளில் கையிலுள்ள ரேடியோவுடன் பேசும் எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். முறையின் ரேடியோ சிப், தனிச் செயலி இல்லாமல் எஸ்.பி.ஐ. என்ற சிப்களுக்கு இடையிலான இணைப்பு வழியாக நேரடியாக ஃப்ளைட் கன்ட்ரோலரின் சிப்புடன் பிணைக்கப்பட்டிருக்கும். அவ்வாறு இருந்தால் ரிசீவரின் மென்பொருள் பீட்டாஃப்ளைட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அதைத் தனியாகப் புதுப்பிக்க வழியில்லை. எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ்.ஸின் இரண்டாம் தலைமுறையும் மூன்றாம் தலைமுறையும் ஒன்றோடொன்று பேசாது. எனவே உங்கள் ரேடியோ மூன்றாம் தலைமுறையில் இருந்து போர்டு பழைய பீட்டாஃப்ளைட்டுடன் வந்தால், அவற்றை இணைப்பதற்காகவே போர்டு முழுவதற்கும் புதிய ஃபர்ம்வேரை ஏற்றி எல்லா அமைப்புகளையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். யூஆர்ட் (போர்டில் பிற கருவிகளை இணைக்கும் தரவு வாய்) வழியாக இணைந்த ரிசீவருக்குத் தனிச் செயலி உண்டு; வைஃபை மூலமாகவே அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம். நீங்கள் பார்த்த ஜி473 போர்டில் ரிசீவர் இந்த வகைதானா என்று விற்பவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் என் பரிந்துரையின் பாதிப் பலம் போய்விடும்.

அடுத்தது ஜைரோ, அதாவது ட்ரோன் திரும்பும் வேகத்தை அளக்கும் உணரி. நெடுங்காலம் பலரும் விரும்பிய எம்.பி.யூ.6000 இப்போது உற்பத்தியில் இல்லாததால், புதிய போர்டுகளில் பி.எம்.ஐ.270 அல்லது ஐ.சி.எம்.42688 இருக்கும். பீட்டாஃப்ளைட்டில் முன்னது நொடிக்கு 3,200 முறையும் பின்னது 8,000 முறையும் அளவீடு தருகின்றன. இந்த எண்களை வைத்து வாதிடுபவர்கள் நிறையவே இருக்கிறார்கள். கூடத்துக்குள் பறக்கும் வூப்பில் அந்த வேறுபாட்டைக் கை உணரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏ.ஐ.ஓ. போர்டில் ஜைரோவுக்குச் சில மில்லிமீட்டர் தொலைவிலேயே மோட்டார் மின்னோட்டத்தை வெட்டி வெட்டி அனுப்பும் மாஸ்ஃபெட்கள் இருப்பதால், ஜைரோவுக்கு வரும் மின்சாரம் எவ்வளவு தூய்மையானது என்பதே மேலான கேள்வி. அதை விளம்பரப் பக்கம் சொல்லாது. அதே போர்டைப் பறக்கவிட்டவர்களின் பிளாக்பாக்ஸ் பதிவுகள் (பறக்கும்போது ஃப்ளைட் கன்ட்ரோலர் சேமிக்கும் தரவு) சொல்லும்.

இ.எஸ்.சி. பகுதியில் பி.பி.21 சிப் இருக்கிறதா என்று பாருங்கள். இவை பெரும்பாலும் பி.எல்.ஹெலி எஸ் மென்பொருளுடன் வரும். அதற்குப் பதிலாகத் திறந்த மூல மென்பொருளான ப்ளூஜேயை ஏற்றினால், ஒவ்வொரு மோட்டாரும் தன் சுழல்வேகத்தை ஃப்ளைட் கன்ட்ரோலருக்குத் திருப்பிச் சொல்லும். அந்த வேகத்துக்குரிய அதிர்வெண்ணை மட்டும் குறிவைத்து நீக்கும் ஆர்.பி.எம். ஃபில்டர் அப்போதுதான் வேலை செய்யும். பறக்கும் தரத்தில் நீங்கள் உண்மையில் உணரப்போகும் மாற்றம் இதுவாகவே இருக்கும்.

பேட்டரி இணைப்பான் பி.எச்.2.0 ஆக இருந்தால், பி.டி.2.0 அல்லது ஏ30 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு செல்லில் இணைப்பானின் மின்தடையால் இழக்கும் சிறு வோல்ட்டேஜும் பெரிய இழப்பு.

கேள்வி: 3 அங்குலப் புரொப்பெல்லர் கொண்ட ட்ரோனுக்கு நான்கு செல் பேட்டரி, டி.ஜே.ஐ. ஓ4 வீடியோ அமைப்பு, ஜி.பி.எஸ்., தனி ரிசீவர் என்று திட்டமிட்டிருக்கிறேன். இதற்கு ஏ.ஐ.ஓ. போர்டு ஒத்துவருமா?
– வாசகர், மதுரை

பதில்: ஒத்துவரும். யூஆர்ட்களை எண்ணிப் பாருங்கள்: கண்ணில் அணியும் எஃப்.பி.வி. கண்ணாடியின் திரையில் பேட்டரி அளவு முதலியவற்றைக் காட்ட வீடியோவுக்கு ஒன்று, ரிசீவருக்கு ஒன்று, ஜி.பி.எஸ்.ஸுக்கு ஒன்று. பெரும்பாலான எஃப்411 போர்டுகள் இரண்டையே தருவதால் அவை இங்கே உதவா. 168 மெகாஹெர்ட்ஸும் 1 மெகாபைட் நினைவகமும் உள்ள எஃப்405, அல்லது 216 மெகாஹெர்ட்ஸ் எஃப்722 உள்ள போர்டைப் பாருங்கள். பின்னதன் நினைவகம் 512 கிலோபைட்தான் என்றாலும் உங்கள் தேவைக்கு அது தடையாகாது.

மின்சாரத்தில்தான் உண்மையான அபாயம் இருக்கிறது. ஓ4 அமைப்பின் சிறிய வடிவம் 13.2 வோல்ட் வரை மட்டுமே தாங்கும். முழுதும் ஏறிய நான்கு செல் பேட்டரியோ 16.8 வோல்ட் தரும். பேட்டரி முனையில் நேராகப் பற்றவைத்தால் வீடியோ அமைப்பு போய்விடும். ஆகவே போர்டில் 9 அல்லது 10 வோல்ட் தரும் தனி ரெகுலேட்டர் இருக்கிறதா, அது 2 ஆம்பியராவது தருமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஓ4 புரோ என்றால் இந்தக் கவலை இல்லை, அது 26.4 வோல்ட் வரை ஏற்கும். யூ.எஸ்.பி. கேபிளிலிருந்தே ஜி.பி.எஸ்.ஸுக்கு மின்சாரம் தரும் முனை இருந்தால் கூடுதல் வசதி: வீடியோ அமைப்பைச் சூடாக்காமலே மேசையில் வைத்துச் சோதிக்கலாம். பேட்டரி முனைகளில் 35 வோல்ட், 470 மைக்ரோஃபாரட் அளவுள்ள லோ இ.எஸ்.ஆர். (உள்மின்தடை குறைந்த) கெப்பாசிட்டரைச் சேர்க்க மறக்க வேண்டாம்.

கேள்வி: என் 35 ஆம்பியர் ஏ.ஐ.ஓ. போர்டில் ஒரு இ.எஸ்.சி. மட்டும் எரிந்துவிட்டது. 35 ஆம்பியர் என்று எழுதியிருந்தும் ஏன் எரிந்தது? போர்டு முழுவதையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், சேலம்

பதில்: அந்த எண் ஒரு மோட்டாருக்கானது, அதுவும் நல்ல காற்றோட்டத்தில் தாங்கும் அளவு. சில விற்பனையாளர்கள் ஓரிரு நொடிகள் மட்டும் தாங்கும் அளவையே பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். ஆனால் ஒரு மூலை மட்டும் எரிந்திருப்பதால், என் சந்தேகம் மோட்டாரின் மீதே செல்கிறது. மோட்டாரைப் பிடிக்கும் திருகு அரை மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் அதன் முனை உள்ளே செப்புச் சுற்றைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். புதிய போர்டை மாட்டினால் அதுவும் அதே மூலையில் எரியும். திருகுகளைக் கழற்றிச் சுற்றைப் பாருங்கள்.

ஏ.ஐ.ஓ. போர்டு ஒரு கூட்டுக்குடும்பம்: இடமும் செலவும் மிச்சமாகும், ஒருவர் விழுந்தால் வீடே நின்றுவிடும். மாஸ்ஃபெட் மட்டும் போயிருந்தால், ஹாட் ஏர் கருவியில் பழக்கமுள்ள பழுதுநீக்குபவர் அதை மாற்றித் தர முடியும். அதை இயக்கும் சிப்பும் போயிருந்தால் புதிய போர்டே வழி. 5 அங்குல ட்ரோன்களுக்கு ஃப்ளைட் கன்ட்ரோலரும் இ.எஸ்.சி.யும் தனித்தனியாக உள்ள அடுக்கையே நான் சொல்வது இதனால்தான். மாற்றிய பின் முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது, மல்ட்டிமீட்டரால் இரு பேட்டரி முனைகளுக்கு இடையில் ஷார்ட் இல்லை என்று பார்த்துவிட்டு, ஸ்மோக் ஸ்டாப்பர் (ஷார்ட் இருந்தால் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் கருவி) வழியாகவே இணையுங்கள்.

கேள்வி: புதிய போர்டைப் பொருத்தியதும் ட்ரோன் எழும்பாமல் கவிழ்ந்துவிடுகிறது. போர்டு பழுதா?
– வாசகர், காரைக்கால்

பதில்: பெரும்பாலும் இல்லை. யூ.எஸ்.பி. வாய் பக்கவாட்டில் வரும்படி போர்டைத் திருப்பி வைத்திருப்பீர்கள். பீட்டாஃப்ளைட்டில் போர்டு அலைன்மென்ட் கோணத்தைச் சரிசெய்து, ட்ரோனைக் கையால் சாய்த்து, திரையிலுள்ள படமும் அதே பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், புரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டு மோட்டார்களின் வரிசையையும் சுழலும் திசையையும் சரிபாருங்கள்.