அமைதியான கோயில் ஊர்கள் வேண்டுமென்றால் ராத்திரி தங்குங்கள்

"ஆசியாவில் கூட்டம், அவசரம் இல்லாமல் பார்க்கக்கூடிய பழைய கோயில் நகரங்கள் எவை?" என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரைக்காரன் என்பதால் மதுரையைத்தான் முதலில் சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோயிலைச் சுற்றிச் சுற்றியே வளர்ந்த இந்த ஊரை நடந்து பார்க்கச் சலிக்காது. ஆனால் அமைதி என்று கேட்டால் ராத்திரி பள்ளியறை பூஜை வரை காத்திருக்க வேண்டும், சொக்கநாதரின் பாதுகைகள் பல்லக்கில் அம்மன் சன்னதிக்குப் போகும் அந்த நேரத்தில்தான் இங்கே கொஞ்சம் அடங்கும்.

அதனால் என் முதல் பதில் ஸ்ரீவில்லிபுத்தூர். மதுரையிலிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி வழியாக ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், செங்கோட்டை ரயிலும் உண்டு. இவ்வளவு பக்கத்தில் இருப்பதுதான் சிக்கலே. காலையில் போய், தரிசனம் முடித்து, பால்கோவா வாங்கிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடுகிறார்கள். 192 அடி உயர, பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து ஒரு போட்டோ, அவ்வளவுதான்.

மத்தியானம் நடை சாத்திய பிறகு அங்கேயே இருந்து பாருங்கள். மாட வீதிகள் காலியாகிவிடும், திண்ணையில் பெரியவர்கள் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார்கள், மேற்கே மலை தெளிவாகத் தெரியும். சாயங்காலம் நடை திறந்ததும் அவசரப்படாமல் ஆண்டாள் சன்னதியில் நின்று அவள் இடது கையிலிருக்கும் கிளியைப் பாருங்கள். அது தினமும் புதிதாகக் கட்டுவது. மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு. மறுநாள் வேறு கிளி. நூற்றாண்டுகள் பழைய கோயிலில் அன்றன்றைக்குச் செய்கிற ஒரு பொருள் நடுநாயகமாக இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பாகவே இருக்கும். மாலையைச் சூடி ஆண்டாள் அழகு பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறும் உள்ளேயே இருக்கிறது. ஆடிப்பூரத் தேர் பார்க்க வேண்டியதுதான், ஆனால் அது கூட்டத்துக்கான நாள், உங்களுக்கு வேண்டாம்.

நாட்டுக்கு வெளியே என்றால் நேபாளத்தின் பக்தபூர். காத்மாண்டுவிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர்தான், அதனாலேயே அங்கும் இதே கதை, வேன்களில் வந்து இறங்கி மாலைக்குள் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் போன பிறகு நியாதபோலா கோயில் படிகளில் போய் உட்காருங்கள். ஐந்தடுக்குக் கூரை, 1702இல் மன்னர் பூபதீந்திர மல்லர் கட்டியது. படியின் இருபக்கமும் கீழே மல்யுத்த வீரர்களின் சிலைகள், அதற்கு மேல் யானை, அப்புறம் சிங்கம் என்று ஏறிக்கொண்டே போகும், ஒவ்வொன்றுக்கும் கீழே இருப்பதைவிடப் பத்து மடங்கு பலம் என்பது ஊர் நம்பிக்கை. 2015 நிலநடுக்கத்தில் பக்தபூரில் எத்தனையோ கட்டடங்கள் சரிந்தன, இது நின்றது. குயவர் சதுக்கத்தில் சட்டிகள் வெயிலில் காய்வதைப் பார்த்துவிட்டு, மண்சட்டியில் உறையவைத்துத் தருகிற 'ஜுஜு தௌ' தயிரைக் கட்டாயம் சாப்பிடுங்கள். நமக்கு விசாவும் தேவையில்லை.

மூன்றாவது லாவோஸின் லுவாங் பிரபாங். மீகாங் ஆறும் நாம் கான் ஆறும் சேருகிற முனையில் இருக்கிற சின்ன ஊர், 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் கட்டிய வாட் சியங் தோங் விகாரையில் கூரைகள் அடுக்கடுக்காக ஏறக்குறைய தரையைத் தொடுகிற மாதிரி இறங்கும், பின்சுவரில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் செய்த மரம் ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாக வர, ஊர்க்காரர்கள் தரையில் உட்கார்ந்து பாத்திரத்தில் ஒட்டரிசிச் சோறு இடுவார்கள். தயவுசெய்து அவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள், ஃபிளாஷ் கூடவே கூடாது. தெருவின் எதிர்ப்பக்கம் தள்ளி நின்று பேசாமல் பாருங்கள். நம் வீட்டுப் பூஜையில் யாரோ வந்து குறுக்கே நின்றால் நமக்கு எப்படி இருக்கும்?

தலைநகர் வியஞ்சானிலிருந்து 2021 டிசம்பர் முதல் ரயில் ஓடுகிறது, இரண்டு மணி நேரம் போல ஆகும். மார்ச், ஏப்ரலில் போகாதீர்கள், காடு கழனி எரிக்கிற புகையில் ஆறே சரியாகத் தெரியாது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம். தங்குவது ஆற்று முனைக்குப் பக்கத்துப் பழைய தெருக்களில் இருக்கட்டும், அங்கிருந்து பெரும்பாலான விகாரைகளுக்கு நடந்தே போகலாம்.