கைப்பிடி முதல் காதுக் கருவி வரை: மூத்தவர்களுக்குச் சாமான் வாங்குவோர் கேள்விகள்

கேள்வி (உவர்மலை, திருகோணமலை): அம்மாவுக்கு 78 வயது. குளியலறையில் ஒருமுறை வழுக்கி, பைப்பைப் பிடித்துத் தப்பினா. சுவரில் துளை போடாமலே உறிஞ்சிப் பிடிக்கும் கைப்பிடி ஒன்று கடையில் இருக்கிறது. அதை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ரைல்ஸுக்கும் றபருக்கும் இடையில் காற்று புகாதவரைதான் அது நிற்கும். இரண்டு ரைல்ஸ் சேரும் கோடு சற்றுத் தாழ்ந்திருந்தாலும், சுவரில் சவர்க்காரப் படை இருந்தாலும் காற்று மெல்ல உள்ளே போய்விடும். காலையில் இறுக்கமாக இருந்தது பின்னேரம் கழன்று வரும், அதுவும் அம்மா பாரம் கொடுத்து இழுக்கும் நேரத்தில். துவாய் போடும் கம்பியையும் நம்ப வேண்டாம். அது துவாயின் பாரத்துக்குச் செய்தது.

சுவரில் போல்ட் அடித்துப் பூட்டும் கைப்பிடிதான் வேண்டும். கம்பியின் பருமன் ஒன்றேகால் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம். அதைவிடத் தடித்தால் மெலிந்த விரல்கள் முழுக்கச் சுற்றிப் பிடிக்காது. சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் ஒன்றரை அங்குல இடைவெளி போதும். கூடினால் வழுக்கும்போது முன்கை உள்ளே போய்ச் சிக்கும். உயரம் பொதுவாக நிலத்திலிருந்து 33 முதல் 36 அங்குலம். ஆனால் மேசனை வரச் சொல்ல முன் அம்மாவைக் கொமோட்டில் இருந்து எழும்பச் சொல்லிப் பாருங்கள். கை தானாக எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். அந்தக் குறிதான் சரியான அளவு.

இனிச் சுவர். எங்கள் பக்கத்து வீடுகள் பல உள்ளே பொள்ளான சீமெந்துக் கல்லால் கட்டப்பட்டவை. அதில் சாதாரண ரோல் பிளக் (திருகாணி பிடிக்கத் துளைக்குள் வைக்கும் குழல்) அடித்தால், பிடிப்பு கல்லின் ஓரங்குல ஓட்டில்தான் இருக்கும். சும்மா பிடித்தால் நிற்கும், விழும்போது வரும் வெட்டிழுப்புக்குச் சுவர்த் துண்டோடு கழன்றுவிடும். சுவரின் மறுபக்கம் போக முடியுமானால், போல்ட்டை ஊடே விட்டுப் பின்னால் தகடு வைத்து நட் பூட்டுவது மிக நல்லது. முடியாவிட்டால் அந்த இடத்துக் கல்லின் பொள்ளை உடைத்துக் கொங்கிறீட் நிரப்பி, ஒரு கிழமை இறுக விட்டுப் பிறகு துளையுங்கள். முழுச் செங்கல் சுவரென்றால் 10 மில்லிமீற்றர் பிளக்கும் இரண்டரை அங்குலத் திருகாணியும் போதும், துளை சாந்துக் கோட்டில் விழாமல் கல்லின் நடுவில் விழ வேண்டும். ரைல்ஸைத் தாண்டும்வரை ட்ரில்லின் அடிக்கும் விசையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். பூட்டி முடிந்ததும் வீட்டில் பாரமான ஒருவர் அதில் தொங்கிப் பார்க்காமல் மேசனுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கடைசியாகக் கறள். கடற்காற்று அடிக்கும் வீடுகளில் மலிவான பளபளப்புக் கம்பி ஒரு மாரிக்குள்ளேயே புள்ளி புள்ளியாகப் பழுப்பேறும். 304 தரத் துருவேறா எஃகு கேளுங்கள். கடலோரத்து வீடென்றால் 316 கிடைத்தால் இன்னும் நல்லது. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல எஃகு என்று கடையில் காட்டுவதை நம்பாதீர்கள். மலிவான 201 தரத்திலும் காந்தம் பெரிதாக ஒட்டாது. தர இலக்கத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். திருகாணியையும் கவனியுங்கள்: கம்பி நல்லதாக இருக்கும், பெட்டிக்குள் தரும் திருகாணி முலாம் பூசிய இரும்பாக இருக்கும். அது வட்ட மூடிக்குள் மறைந்து கறள் பிடிப்பதால், அறும்வரை ஒருவர் கண்ணிலும் படாது. கொமோட் கழுவும் அமிலத் திரவம் தெறித்தாலும் எஃகு அரிக்கும், உடனே நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): அப்பாவால் இப்போது குந்தி எழும்ப முடியவில்லை. பழைய மலசலகூடத்தை உடைத்துக் கொமோட் வைக்கத்தான் வேண்டுமா?

பதில்: உடனே உடைக்கத் தேவையில்லை. குந்துகிற தட்டுக்கு மேலே வைக்கக்கூடிய, நடுவில் ஓட்டை உள்ள கொமோட் கதிரை இருக்கிறது. வாங்கப் போக முன் அறையின் உள் அகலத்தையும், தட்டின் இரு பக்கமும் கதிரைக்கால் ஊன்றச் சமமான தரை எவ்வளவு என்பதையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கதிரைக்கால் மிதிகல்லின் சரிவில் நின்றால் ஆடும். அப்பாவின் முழங்கால் மடிப்பிலிருந்து நிலம்வரை எத்தனை அங்குலமோ, இருக்கை அதற்குச் சமமாகவோ ஓரங்குலம் கூடவோ இருக்கட்டும். காலின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் துளைகளில், நான்கு காலையும் ஒரே வரிசைத் துளையில் பூட்டியிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மூன்று ஒரு துளையிலும் ஒன்று வேறு துளையிலும் நிற்பதுதான் கதிரை சரிவதற்கு வழக்கமான காரணம்.

நிரந்தரமாகக் கொமோட் வைப்பதானால் 15 அங்குல உயரத்ததை விட்டு 17 அல்லது 18 அங்குலத்ததைத் தேடுங்கள். கழிவுக்குழாய் சுவருக்குள் போகிறதா, நிலத்துக்குள் போகிறதா, சுவரிலிருந்து அதன் நடு எத்தனை அங்குலம் என்று மேசன் அளந்து தந்த பிறகே கடைக்குப் போங்கள்.

கேள்வி (பாலையூற்று): ஊன்றுகோல் எந்த உயரம்? எந்தக் கையில் பிடிப்பது?

பதில்: வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட, மணிக்கட்டு மடிப்பு வரும் உயரமே பிடியின் உயரம். நோகும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். அடி றபரின் வரிகள் தேய்ந்தால் மாற்றுங்கள், ஈரச் சீமெந்தில் தேய்ந்த றபர் வழுக்கும். பழைய றபரைக் கையோடு கொண்டு போனால் உள்விட்டம் சரியாகப் பார்த்து வாங்கலாம்.

கேள்வி (அலஸ்தோட்டம்): மாமிக்குச் சில்லுக் கதிரை வாங்க வேண்டும். வீட்டு வளவும் ஒழுங்கையும் மணல். எந்தக் கதிரை நல்லது?

பதில்: கடையின் மாபிள் தரையில் எல்லாக் கதிரையும் வழுக்கிக்கொண்டு ஓடும். மணலில் தீர்மானிப்பது முன் சில்லு. ஐந்து, ஆறு அங்குல ஒடுங்கிய முன் சில்லு மணலில் புதையும். எட்டு அங்குலத்ததைக் கேளுங்கள். பின் சில்லு 24 அங்குலம், காற்றடிக்கும் ரயர். காற்றில்லாத கெட்டி ரயர் ஒட்டுப்போடும் வேலை வைக்காது, ஆனால் கல்லும் மணலும் உள்ள இடத்தில் ஆளைக் குலுக்கும். காற்று ரயரானால் அதன் வால்வுக்கு உங்கள் சைக்கிள் கடைப் பம் பொருந்துமா என்று முதலே பாருங்கள். பின் சில்லும் சிறிதாக உள்ள, தள்ளிக்கொண்டு போக மட்டும் செய்த கதிரை உங்கள் வளவுக்குச் சரிவராது.

இருக்கையின் அகலம் மாமியின் இடுப்பகலத்தைவிட இரு பக்கமும் ஓரங்குலம் கூடியிருந்தால் போதும். 18 அங்குல இருக்கையுள்ள கதிரையின் வெளி அகலம் பெரும்பாலும் 25, 26 அங்குலம் வரும். குளியலறைக் கதவைத் திறந்து வைத்து, கதவின் தடிப்பும் கழித்து மிஞ்சும் வழியை அளந்தால் பல வீடுகளில் அது 26 அங்குலம்கூட இராது. இதை அளக்காமல் வாங்கியவர்கள்தான் கதிரையை வாசலில் விட்டுவிட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிவருகிறது. தூக்கும்போதுதான் இரண்டு பேரும் விழுகிறார்கள்.

படிக்குச் சரிவு கட்டுவதானால் ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது கணக்கு. ஏழு அங்குலப் படிக்கு ஏழடி. மேற்பூச்சை வழவழப்பாக்காமல் தும்புத்தடியால் கோடிழுத்து விடச் சொல்லுங்கள். கேற்றிலிருந்து விறாந்தைவரை மூன்றடி அகலத்தில் சீமெந்துக் கல் பதித்தால் பாதிக் கஷ்டம் குறையும், விலைகூடிய கதிரை தேடுவதைவிட அது பலன் தரும். அதுவரை மணலில் கதிரையைத் திருப்பி, பெரிய சில்லு முன்னே வர, பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போங்கள்.

அலுமினியச் சட்டம் கறள் பிடிக்காது, பாரமும் குறைவு. அச்சும் முன் சில்லின் பெயாரிங்கும் இரும்புதான். ஆகவே மாதம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள். நாள் முழுக்க இருப்பவருக்கு இரண்டு மூன்று அங்குல மெத்தை கட்டாயம். வெறும் துணி இருக்கை தொய்ந்து, இருப்பு எலும்பில் புண் வரும்.

கேள்வி (கிண்ணியா): வீட்டில் வாங்கிய பிரஷர் மெஷின் 160 காட்டுகிறது, கிளினிக்கில் 140 என்கிறார்கள். மெஷின் பிழையா?

பதில்: முதலில் கைப்பட்டியைப் பாருங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டி கட்டினால் அளவு கூட்டிக் காட்டும். மேற்கையின் நடுவில் சுற்றளவை நாடாவால் அளந்து, பட்டியில் அச்சிட்டிருக்கும் சென்ரிமீற்றர் எல்லைக்குள் அது வருகிறதா என்று பாருங்கள். 22 முதல் 32 வரை உள்ளது சாதாரணப் பட்டி. 22 முதல் 42 வரைக்கும் பொருந்தும் பட்டியும் விற்கிறார்கள். மணிக்கட்டில் கட்டும் மெஷினை நாங்கள் சொல்ல மாட்டோம், கை சற்று உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அளவு மாறிவிடும்.

பட்டி சரியென்றால் எடுக்கும் விதம். தேத்தண்ணி குடித்து அரை மணித்தியாலம் கழிய வேண்டும், சலம் கழித்திருக்க வேண்டும். முதுகு சாய்த்து, பாதம் நிலத்தில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். கை மேசையில் நெஞ்சளவில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். காலையும் மாலையும் ஏழு நாள் எழுதி, முதல் நாள் கணக்கை விட்டு மற்றவற்றின் சராசரியை வைத்தியரிடம் காட்டுங்கள். மெஷினையும் கிளினிக்குக்குக் கொண்டு போய் அங்கே ஒருமுறை ஒப்பிடுங்கள். நாடித் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்த மெஷின்கள் பிழையாகக் காட்டக்கூடும் என்பதால் அதையும் சொல்லுங்கள். எதுவானாலும் மெஷினைப் பார்த்து நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கேள்வி (நகரம்): அப்பாவுக்குக் காது மந்தம். இணையத்தில் ஒரு சோடி காதுக் கருவி மிக மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

பதில்: அவற்றில் பெரும்பாலானவை எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் கூட்டுபவை. வயதால் வரும் மந்தம் அப்படியல்ல: மெல்லிய, கூரிய ஒலிகள்தான் முதலில் போகும். அப்பாவுக்குப் பேசுவது கேட்கும், சொல் விளங்காது. எல்லாவற்றையும் கூட்டினால் ஓட்டோச் சத்தமும் பாத்திரச் சத்தமும் காதைப் பிளக்கும், பேச்சு இன்னும் விளங்காது. இரண்டாம் நாள் கருவி லாச்சிக்குள் போய்விடும்.

முதலில் வைத்தியரிடம் காதைக் காட்டுங்கள். குறும்பி அடைத்திருந்தால் எடுத்ததும் பாதி சரியாகலாம். ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளில் கேட்காமல் போனால் கருவி பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். மற்றபடி கேட்டல் பரிசோதனை செய்து, அதில் வரும் வரைபடத்தின்படி அமைத்துத் தரும் கருவியே பயன்படும். காசு கொடுக்க முன் சில நாள் போட்டுப் பார்க்க விடுவார்களா, திரும்ப அமைக்கக் காசு எடுப்பார்களா, பழுதானால் இங்கேயே பார்ப்பார்களா கொழும்புக்கு அனுப்புவார்களா என்று கேட்டு, பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பற்றரியைக் கவனித்துத் தெரியுங்கள். பழுப்பு நிற ஒட்டுள்ள 312 மிகச் சிறியது, விரல் நடுங்குபவருக்குத் தவறித் தவறி விழும். செம்மஞ்சள் ஒட்டுள்ள 13 பெரியது, கூட நாளும் நிற்கும். ஒட்டை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை தொடங்கும், ஆகவே ஓரிரு நிமிடம் விட்டுப் பூட்டுங்கள். உரித்ததைத் திரும்ப ஒட்டினாலும் அது நிற்காது. எங்கள் வியர்வைக்கும் ஈரக் காற்றுக்கும் இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

வாங்க வசதி இல்லாதவர்கள் திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்திலோ தங்கள் பகுதிச் செயலகத்திலோ சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு, உதவித் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். 60 வயது கடந்தவர் முதியோர் அடையாள அட்டைக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம்.

கேள்வி (மூதூர்): முழங்கால் நோவுக்கு முகநூலில் பார்த்து ஒரு தூள் எடுத்தோம். இரண்டு நாளில் நோவு பறந்துவிட்டது. மூன்று கிழமையாக அம்மா குடிக்கிறா. இப்போது சீனி கூடியிருக்கிறது. தூள்தான் காரணமா? காசைத் திரும்பப் பெறலாமா?

பதில்: சந்தேகப்பட நியாயம் உண்டு. இப்படிப்பட்ட தூள்களில் ஸ்ரீரொயிட் மருந்து கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அது நோவை வேகமாகத் தணிக்கும், கூடவே சீனியையும் பிரஷரையும் ஏற்றும், முகத்தை ஊத வைக்கும். மூன்று கிழமை குடித்தவர் அதை ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. உடல் தானே சுரக்கும் ஸ்ரீரொயிட் அடங்கிப் போயிருந்தால் மயக்கம், வாந்தி, பிரஷர் இறக்கம் வரலாம். இன்றைக்கே மிச்சத் தூளையும் பைக்கற்றையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லட்டும்.

காசு விடயத்தில், பைக்கற்றில் செய்தவரின் பெயர், முகவரி, தொகுதி இலக்கம், தயாரித்த திகதி, முடிவுத் திகதி இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரம், உரையாடல், கூரியர் சீட்டு எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள், அந்தப் பக்கம் நாளைக்கே காணாமல் போகலாம். முறைப்பாட்டைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர்களின் துரித இலக்கம் 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். அதே சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது விற்பவரின் கடமை. நீங்கள் வாங்கி மூன்று கிழமைதான், காலம் இருக்கிறது. அம்மாவை வைத்தியரிடம் காட்டிய பிறகு, அவர் எழுதித் தருவதையும் முறைப்பாட்டோடு இணையுங்கள்.